ஈரம் பட்ட கணக்கேடு

ஐப்பசி மாதத்து இரவொன்றில், சேலத்திலிருந்து 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறிவந்து, நாகலூர் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு சிறிய காப்பித் தோட்டத்து வீட்டில் நான் தங்கியிருந்தபோது, வடகிழக்குப் பருவமழை சேர்வராயன் மலை முழுவதையும் தன்வசமாக்கிக்கொண்டு பெய்தது. அன்று மாலையில் முதலில் இறங்கியது மஞ்சுதான். சில்வர் ஓக் மரங்களும் அவற்றைத் தழுவி ஏறியிருந்த மிளகுக் கொடிகளும் மறைந்து, வாசற்புறத்து வேலிக்கால்கள்கூடக் கண்ணுக்குத் தெரியாமற் போயின. ஆயினும் கூடத்திலிருந்த தொலைக்காட்சியில் படம் துலக்கமாகவே வந்துகொண்டிருந்தது. எட்டு மணிக்கு மேல் மஞ்சு விலகி, கனத்த மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் திரையில் பாடிக்கொண்டிருந்த அம்மையாரின் முகத்தில் சிறு சிறு சதுரங்கள் தோன்றலாயின. சற்றுப் பொறுத்துப் படம் அசைவற்று நின்றது. பின்னர்த் திரை முழுதும் இருண்டு, சிக்னல் இல்லை என்னும் ஒற்றை வாசகம் மட்டும் நடுவில் நின்றது.

"எல்லாம் இந்தப் பனிமூட்டத்தால வர்றதுங்க" என்று வீட்டார் சொன்னார்கள். மலையில் வாழ்பவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை வேறு. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து மொட்டைமாடித் தட்டுக்கு வந்துசேரும் அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டரைச் சென்டிமீட்டர். மஞ்சின் திவலைகளோ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கே உடையவை. அத்தனை நுண்ணிய துளிகளை அந்த அலை பொருட்படுத்துவதே இல்லை. மழைத்துளி மில்லிமீட்டர்க் கணக்கில் பருத்தது. அது அலையை உறிஞ்சவும் செய்கிறது, நாற்புறமும் சிதறடிக்கவும் செய்கிறது. கண்ணை மறைப்பது மஞ்சு, டிஷ்ஷை மறைப்பது மழை.

அந்த இருண்ட திரையை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய தொலைக்காட்சியில் சிக்னல் குன்றினால் திரையில் புள்ளிகள் பொழியும். அந்தப் புள்ளிகளினூடே உருவத்தைப் பிரித்தறிவது பார்ப்பவனுடைய கண்ணின் பொறுப்பாக இருந்தது. இன்றைய முறையில் அப்பொறுப்பு முழுவதும் செட்டாப் பாக்ஸுக்குள் இருக்கும் ஓர் உறுப்பின்மேல் விழுந்துவிட்டது. அதனை டீகோடர் என்று எல்லோரும் வழங்குவதால் நானும் அவ்வாறே வழங்குகிறேன். வானிலிருந்து பிட்டுகளாக வரும் சைபர்களும் ஒன்றுகளும் வழியில் எங்கெங்கு மாறிப்போயின என்று கண்டறிந்து, அவற்றைப் பழையபடி திருப்பிவைப்பது அதன் தொழில். அன்றிரவு மழை கனக்கக் கனக்க அந்த டீகோடர் ஆயிரக்கணக்கான பிழைகளை நமக்குத் தெரியாமலே திருத்திக்கொண்டிருந்தது. திருத்த முடியாத எல்லை வந்தபோது, முடியவில்லை என்று அறிந்து, அறிந்ததை நம்மிடம் சொல்லி நிறுத்திக்கொண்டது. இந்த இரண்டாவது செயலைப் பற்றியதே இந்த அத்தியாயம். பாட்டு நின்றுபோவதால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் வங்கியின் சேமிப்புத் தட்டிலும், மருத்துவமனையின் பதிவிலும், விண்கலத்துக்கு அனுப்பும் ஆணையிலும், தெரியாததைத் தெரிந்ததாக எண்ணி ஒரு தவறான விடையைச் சரியான விடையின் வேஷத்தில் தந்துவிடும் டீகோடர், ஒன்றுமே தராத டீகோடரைக் காட்டிலும் பன்மடங்கு கொடியது. எத்தனை பிழைகளைத் திருத்துகிறது என்பது அதன் வலிமையைக் காட்டும்; நம்பத்தக்கதா என்பதை, திருத்த முடியாத வேளையில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதே காட்டும்.

மறுநாட் காலையில் இதற்கு ஒரு விளக்கம் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. தோட்டத்தில் பழம் பறிப்பவர்கள் கொண்டுவரும் எடையை எழுதி வைக்கும் கணக்கேடு முந்திய நாள் சாரலில் நனைந்துவிட்டிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரிசை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பத்தி. வரிசையின் வலக்கோடியில் அந்த ஆளின் வாரக் கூட்டல், பத்தியின் அடியில் அந்த நாளின் மொத்தக் கூட்டல். கணக்கர் அந்த ஏட்டை மடியில் விரித்துக்கொண்டு, மை ஊறிப் பரவிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வரிசையில் 41 என்று இருந்தது. அடுத்த கட்டம் நீலக் கறையாகக் கிடந்தது. பின்னர் 46, 38, 44, 46. வாரக் கூட்டல் 258. தெரிந்த ஐந்தையும் கூட்டினால் 215 வருகிறது; ஆகவே கறைபட்ட கட்டத்தில் இருந்தது 43. அவர் காகிதத்தைத் தேடவில்லை. மனத்திலேயே போட்டு எழுதிவிட்டார்.

இந்தச் சிறு செயலில் பிழைதிருத்தும் சாஸ்திரத்தின் பாதி அடங்கியிருக்கிறது. வாரக் கூட்டல் புதிய செய்தி எதையும் சொல்வதில்லை; ஆறு எண்களும் சரியாக இருக்கும்வரை அது மிகை. ஆனால் ஓர் எண் அழிந்த நாளில் அந்த மிகையே நம்மைக் காக்கிறது. இங்கே கவனிக்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. எந்தக் கட்டம் கெட்டது என்பதைக் கறையே காட்டிவிட்டமையால் ஒரே ஒரு கூட்டல் போதுமானதாயிற்று. கறை படாமல், 43 என்பதற்குப் பதில் கைத்தவறுதலாக 34 என்று எழுதப்பட்டிருந்தால்? அப்போது வரிசைக் கூட்டலில் 9 குறையும். ஆறு கட்டங்களில் குற்றவாளி எது என்று தெரியாது. பத்திகளைக் கூட்டிப் பார்த்தால் செவ்வாய்க்கிழமைப் பத்தியிலும் அதே 9 குறையும். வரிசையும் பத்தியும் வெட்டிக்கொள்ளும் கட்டமே பிழை. (குறைவு ஒன்பதால் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும் என்பது நம் பழைய கணக்குப்பிள்ளைகளுக்குக் கைவந்த பாடம்.) இடம் தெரிந்த கேட்டுக்கு ஒரு சாட்சி போதும், இடம் தெரியாத கேட்டுக்கு இரண்டு வேண்டும். இந்த விகிதம் காப்பித் தோட்டத்தோடு நின்றுவிடுவதன்று. செயற்கைக்கோள் தொலைக்காட்சியின் முதல் தலைமுறையில் 188 பைட்டுகளோடு 16 மிகைப் பைட்டுகள் சேர்க்கப்பட்டு 204 ஆக அனுப்பப்பட்டன. ரீட்-சாலமன் குறிமுறை என்னும் அந்த ஏற்பாட்டில், இடம் தெரியாத பிழைகள் 8 வரையிலும் திருத்தப்படும். இடம் தெரிந்த அழிவுகளாயின் 16 வரையிலும் நிரப்பப்படும். ஐயம் எங்கே இருக்கிறது என்று அறிவதற்கே அத்தனை மதிப்பு.

இந்தச் சாஸ்திரத்தின் பூர்வ சரித்திரத்தைச் சுருக்கமாகவே சொல்லிச் செல்கிறேன். இரைச்சல் மிகுந்த வழியிலும், வேகம் ஒரு வரம்பைத் தாண்டாத வரையில், செய்தியை ஏறத்தாழப் பிழையின்றிச் செலுத்த முடியும் என்று 1948-இல் கிளாட் ஷானன் நிரூபித்தார். செலுத்தும் வழி இன்னதென்று அவர் சொல்லவில்லை. அதே பெல் ஆராய்ச்சிக்கூடத்தில், வாரஇறுதியில் ஆளில்லாமல் ஓடவிட்ட கணிப்பொறி ஒரு பிழை கண்டவுடன் வேலையைக் கைவிட்டுவிடுவது கண்டு மனம் கசந்த ரிச்சர்ட் ஹாமிங், பிழையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு அதன் இடத்தையும் கண்டு திருத்த ஏன் தெரியக்கூடாது என்று கேட்டு, 1950-இல் தம் பெயரால் வழங்கும் குறிமுறையை வெளியிட்டார். நான்கு பிட்டுகளுக்கு மூன்று மிகைப் பிட்டுகள்; ஏழில் எந்த ஒன்று மாறினாலும் திருத்திவிடலாம்.

ஆனால் ஏழில் இரண்டு மாறினால்? இங்கேதான் நான் சொல்லவந்த அபாயம் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. அந்த டீகோடருக்கு இரண்டு பிழை என்ற ஒன்று உண்டென்பதே தெரியாது. இரண்டையும் ஒன்றாகக் கருதி, நல்ல நிலையில் இருந்த மூன்றாவது பிட் ஒன்றைக் கெடுத்துவிட்டு, திருத்திவிட்டேன் என்று சொல்லும். ஒவ்வொரு முறையும் அப்படியே, விதிவிலக்கே இல்லை. இதற்குப் பரிகாரம் மிக எளியது: மொத்தத்திலும் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையா என்று பார்க்கும் ஒரு பிட்டைக் கூடுதலாகச் சேர்ப்பது. அந்த ஒரு பிட்டினால் திருத்தும் சக்தி சிறிதும் கூடுவதில்லை. இரண்டு பிழைகள் நேர்ந்துள்ளன, என்னால் ஆகாது என்று சொல்லும் சக்தி மட்டும் பிறக்கிறது. பெரிய கணிப்பொறிகளின் ஞாபக அட்டைகளில் 64 பிட்டுகளுக்கு 72 பிட்டுகள் வைத்துச் சேமிக்கிறார்களே, அந்த எட்டில் ஒன்றின் விலை இந்த ஒப்புதல் வாக்குமூலத்துக்காகக் கொடுக்கப்படுவதுதான். அறிவியலில் இதைவிடக் கண்ணியமான செலவொன்றை நான் அறியேன்.

குறிமுறையின் திருத்தும் சக்தி கூடக் கூட இந்த அபாயம் தானாகவே குறைகிறது என்பதும் ஒரு பேறு. எட்டுப் பிழைகளைத் திருத்தவல்ல ரீட்-சாலமன் டீகோடருக்கு அதன் சக்திக்கு மீறிய பிழைகள் வந்துசேர்ந்தால், அது ஏமாந்து தவறான விடையைத் தருவதற்குரிய சாத்தியம் ஏறக்குறைய 40,320-இல் ஒன்றே என்று ராபர்ட் மக்எலீஸும் லைஃப் ஸ்வான்சனும் 1986-இல் காட்டினார்கள். மற்ற வேளைகளில் எல்லாம் அது தன் இயலாமையை உணர்ந்துவிடும். அந்த 40,320 எங்கிருந்து வந்தது? ஒன்று முதல் எட்டு வரையுள்ள எண்களின் பெருக்கல் அது. இரண்டு பிழைகளை மட்டும் திருத்தும் டீகோடருக்கு அதே கணக்கில் இரண்டில் ஒன்று என்று ஆகிறது. ஆகவே சிறிய குறிமுறையைத் தனியே நம்பிவிடுவது, பாதிக்குப் பாதி பொய் சொல்லும் சாட்சியை நம்புவதற்குச் சமம்.

மறுபடியும் அந்தக் கணக்கேட்டுக்கு வருவோம். ஈரம் பட்ட எல்லா இடங்களும் முழுக் கறைகளாக இருந்துவிடவில்லை. சில இலக்கங்கள் அரைகுறையாகத் தெரிந்தன: ஓர் எண் 41 ஆகவும் இருக்கலாம், 47 ஆகவும் இருக்கலாம், 47 என்பதற்கே சற்று அதிக இடமிருந்தது. அனுபவமற்றவராயிருந்தால் அதை 47 என்றே தீர்மானித்து எழுதிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார். கணக்கரோ பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்தார். கூட்டல்கள் முரண்படும்போது முதலில் சந்தேகிக்கவேண்டியது வட்டமிட்ட எண்களைத்தான் என்பது அதன் பொருள். இந்தப் பென்சில் வட்டத்தை டீகோடருக்குக் கற்றுக்கொடுத்ததே அதன் நம்பகத்தன்மையில் நிகழ்ந்த மிகப் பெரிய முன்னேற்றம் என்று நான் கருதுகிறேன். மழையில் நனைந்து வரும் அலையை அளந்தவுடனேயே இது ஒன்று, இது சைபர் என்று முத்திரை குத்தி உள்ளே அனுப்பிவிட்டால், அளந்தவர் அறிந்திருந்த ஐயம் அங்கேயே அழிந்துபோகிறது. டீகோடரிடம் உறுதியான ஒன்றும் தடுமாறிய ஒன்றும் ஒரே தோற்றத்துடன் வந்து நிற்கின்றன. அப்படியன்றி, இது ஒன்றாக இருக்கலாம், எவ்வளவு உறுதி என்றால் இவ்வளவு என்று ஒவ்வொரு பிட்டோடும் அதன் உறுதியின் அளவையும் அனுப்பினால், சாதாரண இரைச்சலில் சுமார் இரண்டு டெசிபல் ஆதாயம் கிடைக்கிறது. அதாவது அனுப்பும் நிலையத்தின் சக்தியை ஏறத்தாழ 1.6 மடங்கு உயர்த்துவதால் விளையும் பயன், சக்தியைச் சிறிதும் உயர்த்தாமல், ஐயத்தைத் தூக்கி எறியாமையால் மட்டுமே விளைந்துவிடுகிறது.

இந்த எண்ணத்தை அதன் முழு எல்லைவரை கொண்டுசென்றவர் ராபர்ட் கேலகர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1960-இல் எழுதிய ஆய்வேட்டில் அவர் வகுத்த குறிமுறையில், ஒவ்வொரு பிட்டும் ஒருசில சோதனைகளில் மட்டும் பங்குகொள்ளும். ஒவ்வொரு சோதனையும் ஒருசில பிட்டுகளை மட்டும் பார்க்கும். நம் கணக்கேட்டில் ஒவ்வோர் எண்ணும் ஒரு வரிசைக்கும் ஒரு பத்திக்கும் மட்டும் கட்டுப்பட்டிருப்பது போன்ற ஏற்பாடு அது. இப்போது செய்தி ஊருக்குள் பரவுவதுபோல் அங்கே நிகழ்கிறது. ஒவ்வொரு பிட்டும் தன் நம்பிக்கையின் அளவைத் தன் சோதனைகளிடம் சொல்கிறது. ஒவ்வொரு சோதனையும், மற்றவர்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் நீ இன்னதாக இருக்கவேண்டும், இவ்வளவு உறுதியாக, என்று ஒவ்வொரு பிட்டுக்கும் திருப்பிச் சொல்கிறது. அப்படிச் சொல்லும்போது அந்தப் பிட் தானே சொன்னதை விலக்கிவிட்டே சொல்லவேண்டும் என்பது கேலகர் விதித்த ஒழுக்கம். இல்லாவிட்டால் ஒருவன் தான் கிளப்பிய வதந்தியையே பிறர் வாயிலாகக் கேட்டு அதனை உறுதிச் சான்றாக எடுத்துக்கொள்ளும் அவலம் நேரும். சுற்றுக்குச் சுற்று ஐயம் கரைந்து, இறுதியில் எல்லாச் சோதனைகளும் நிறைவேறினால் விடை கிடைத்தது என்று நிற்கலாம். குறித்த எண்ணிக்கைச் சுற்றுகளுக்குப் பிறகும் நிறைவேறாவிட்டால், தோல்வி என்று அறிவிக்கலாம். தன் விடையைத் தானே சரிபார்க்கும் இந்தக் குணம் இம்முறையில் இயல்பாகவே அமைந்திருக்கிறது. அக்காலத்து இயந்திரங்களால் அத்தனை கணக்கைத் தாங்க முடியாமையால் அது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் புத்தக அலமாரியில் உறங்கிற்று. 1990-களின் நடுவில் கேம்பிரிட்ஜின் டேவிட் மக்கேயும் டொரான்டோவின் ராட்ஃபோர்ட் நீலும் அதனை மீண்டும் எழுப்பினார்கள். இன்று புதிய தலைமுறைச் செயற்கைக்கோள் தொலைக்காட்சியில் 64,800 பிட்டுகள் கொண்ட ஒவ்வொரு கட்டும் இவ்வழியில்தான் திருத்தப்படுகிறது. பாதிக்குப் பாதி மிகை சேர்க்கும் வகையில் 32,400 சோதனைகள் ஒரு கட்டுக்கு.

இத்தனை அழகான முறைக்கும் ஒரு குறை உண்டு. சிக்னல் சிறிது சிறிதாக வலுப்பெறும்போது பிழைகள் எவ்வாறு குறைகின்றன என்று வரைந்து பார்த்தால், கோடு ஓர் இடத்தில் செங்குத்தாகக் கீழே பாய்கிறது. அத்துறையினர் அதனை அருவி என்றே அழைக்கிறார்கள். ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் நீர் கிளியூரில் சுமார் 300 அடி கீழே விழுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் அருவி பள்ளத்தாக்கின் தரையைத் தொட்டபிறகு தண்ணீர் கல்லிடுக்கில் மெல்லப் பரவிச் செல்வதுபோல, இந்தக் கோடும் ஓரளவு இறங்கியபின் படுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு சிக்னலை எவ்வளவு வலுப்படுத்தினாலும் எஞ்சிய சில பிழைகள் எளிதில் மறைவதில்லை. கோடிக்கணக்கான கட்டுகளில் என்றோ ஒன்று. ஆனால் அந்த ஒன்று வந்தே தீரும்.

காரணத்தைக் கணக்கேடே காட்டிவிடும். இரண்டு வரிசைகளும் இரண்டு பத்திகளும் வெட்டிக்கொள்ளும் நான்கு மூலைகளிலும் மை கரைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எந்த வரிசையை எடுத்தாலும் தெரியாதவை இரண்டு. எந்தப் பத்தியை எடுத்தாலும் தெரியாதவை இரண்டு. எல்லாக் கூட்டல்களும் கையிலிருந்தும் ஒன்றையும் தொடங்க முடியாது. இன்னும் மோசமான நிலை, நான்கு மூலைகளிலும் எண்கள் தெளிவாக இருந்து, ஒன்றில் 5 கூடி, அடுத்ததில் 5 குறைந்து, எதிர் மூலைகளிலும் அவ்வாறே ஈடுகட்டி அமைந்துவிடுவது. அப்போது ஒவ்வொரு கூட்டலும் சரியாக வரும். ஏடு முழுதும் பொய்யாயிருந்தும் சாட்சிகள் எல்லோரும் மெய் என்றே சொல்வார்கள். கேலகர் குறிமுறைகளில் இத்தகைய சிறு கூட்டங்கள் பல வடிவங்களில் ஒளிந்திருக்கின்றன. அங்கே சில பிட்டுகள் ஒன்றுக்கொன்று பக்கபலமாக நின்று, ஒருவர் தவறை ஒருவர் உறுதிசெய்துகொண்டு, வெளியிலிருந்து வரும் எதிர்ச்சான்றுகளைத் தங்கள் கூட்டுக் குரலால் அமிழ்த்திவிடுகின்றன. 2003-இல் டாம் ரிச்சர்ட்சன் இவற்றைக் கண்ணிகள் என்று பெயரிட்டு ஆராய்ந்தார். அதே ஆண்டில் மக்கேயும் மைக்கேல் போஸ்டலும் குறிப்பிட்ட ஒரு குறிமுறையில் அவை இருப்பதை எடுத்துக்காட்டினார்கள்.

தோட்டத்துக் கணக்கருக்கும் அன்று ஒரு நாற்கோணம் வாய்த்தது. இரண்டு பெண்களின் புதன், வியாழக் கணக்குகள் நான்கும் ஒரே கறைக்குள் போயிருந்தன. அவர் ஏட்டை மூடிவைத்துவிட்டு, களத்துமேட்டில் நின்றிருந்த முதிய பெண் ஒருவரைக் கூப்பிட்டார்.

"அக்கா, புதன்கிழமை எடைத் துண்டு வச்சிருக்கீங்களா?"

"இருக்குதுங்க" என்று சொல்லி அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, எட்டாக மடித்த சிறு காகிதமொன்றை எடுத்தார். அதில் 52 என்று இருந்தது. அவ்வளவுதான், அந்த ஓர் எண் நுழைந்தவுடன் வரிசையில் ஒன்று திறந்தது, அதிலிருந்து பத்தியில் ஒன்று, அதிலிருந்து கடைசி மூலையும் திறந்துகொண்டது. ஏட்டிலுள்ள எல்லாக் கூட்டல்களாலும் ஆகாததை, ஏட்டுக்கு வெளியே இருந்த ஒரு துண்டுக் காகிதம் முடித்துவைத்தது.

தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளும் அந்த முந்தானைத் துண்டு உண்டு. கேலகர் முறை தன் வேலையை முடித்தபின், எஞ்சியிருக்கக்கூடிய சில பிழைகளைத் துடைப்பதற்காக, முற்றிலும் வேறு இயல்புடைய இரண்டாவது குறிமுறையொன்று வெளிப்புறத்தில் போர்த்தப்பட்டிருக்கிறது. 64,800 பிட்டுகளில் எஞ்சிய பிழைகள் 8, 10 அல்லது 12 வரை இருந்தால், வகைக்கேற்ப, அது திருத்திவிடும். அந்தக் குறிமுறையின் மூன்று எழுத்துப் பெயரில் இரண்டு எழுத்துகள் நம் நாட்டவருக்கு உரியவை. பி.சி.எச். என்பதில் முதல் எழுத்து ராஜ் சந்திர போஸ். இரண்டாவது திவிஜேந்திர குமார் ராய்-சௌதுரி. மூன்றாவது, அவர்களுக்கு ஓராண்டு முன்னர், 1959-இல், தனியே அதே முடிவைக் கண்ட பிரெஞ்சுக் கணித அறிஞர் ஒக்கங்கெம். போஸ் 1901-இல் ஹோஷங்காபாத்தில் பிறந்தவர். கல்கத்தாவில் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்து, வயல்களில் பயிர்ச் சோதனைகளை எந்தப் பாத்தியில் எந்த வித்தை வைத்துச் செய்தால் மண்ணின் வேறுபாடு முடிவைக் கெடுக்காது என்னும் கேள்விக்கு முடிவுள்ள எண்களங்களின் வடிவியலைக்கொண்டு விடை தேடியவர். 1949-இல் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், அங்கே தம் மாணவரான ராய்-சௌதுரியுடன் 1960-இல் இந்தக் குறிமுறையை வெளியிட்டார். நிலத்துப் பாத்திகளுக்காகப் பயின்ற கணிதம் வானத்து அலைகளுக்குக் காவலாகி, மழை பெய்யும் இரவில் சேர்வராயன் மலைச்சரிவு வீடொன்றில் வேலைசெய்துகொண்டிருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு உள்ளம் நெகிழ்கிறது.

டீகோடர் தன் ஐயத்தைக் காத்துக்கொள்வதற்கு இன்னொரு வழியும் உண்டு: ஒரே விடையைத் தரவேண்டும் என்னும் நிர்ப்பந்தத்தை நீக்கிவிடுவது. பிழைகள் ஓர் எல்லையைத் தாண்டினால் மூலச் செய்தி இதுவாக இருக்கலாம், அல்லது அதுவாக இருக்கலாம் என்று இரண்டு மூன்று விடைகள் சமநிலையில் நிற்கக்கூடும். அப்போது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை எறிவதைவிட, ஒரு சிறு பட்டியலாகவே தந்துவிட்டால் என்ன என்று 1957-இல் பீட்டர் எலையஸ் கேட்டார். கேள்வி எழுந்து நாற்பதாண்டு ஆகியும், ரீட்-சாலமன் குறிமுறைக்கு அப்படியொரு பட்டியலைத் திறம்படத் தயாரிக்கும் வழியை எவரும் காணவில்லை. கண்டவர் 1966-இல் சென்னையில் பிறந்த மது சூதன். 1997-இல் அவர் வெளியிட்ட முறை மிகை நிரம்பிய குறிமுறைகளுக்கே பயன்பட்டது, சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம்பெற்று அவரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்த வெங்கடேசன் குருசுவாமி, அவரோடு சேர்ந்து 1999-க்குள் எல்லா வகைகளுக்கும் அதனை விரிவாக்கினார். செய்தி கால் பங்கும் மிகை முக்கால் பங்குமாக உள்ள குறிமுறையில், பழைய முறைப்படி நூற்றுக்கு 37 பிழைக்கு மேல் தாங்க முடியாது. இவர்கள் முறையில் நூற்றுக்கு 50-ஐ நெருங்கும்வரை தாங்கலாம். பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க, செய்தியோடு சேர்த்து அனுப்பிய ஒரு சிறு சரிபார்ப்பு எண் போதும். பட்டியலில் எதுவுமே அதற்கு இணங்காவிட்டால், இணங்கவில்லை என்று சொல்லிவிடலாம். இன்றைய 5ஜி கைப்பேசிகளின் கட்டுப்பாட்டுச் செய்திகளில் வேறொரு குறிமுறையின்மீது இதே பட்டியல் எண்ணமும் இதே சரிபார்ப்பும் இணைந்து இயங்குகின்றன.

கண்ணிகளைப் பற்றிய போராட்டமும் ஓயவில்லை. வெளிப்புறத்தில் இன்னொரு குறிமுறையைப் போர்த்துவதற்கு இடமோ காலமோ இல்லாத சாதனங்கள் உண்டு; வினாடிக்கு 1,000 கோடி பிட்டுகள் செல்லும் செப்புக்கம்பி ஈதர்நெட் அவற்றில் ஒன்று. 2,048 பிட்டுகள் கொண்ட அதன் கேலகர்க் குறிமுறையில் எட்டு எட்டுப் பிட்டுகளாகச் சேர்ந்து நிற்கும் கண்ணிகளே எஞ்சும் பிழைகளுக்குப் பெரும்பாலும் காரணம் என்று பெர்க்லியில் ஸெங்யா ஸாங், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற வெங்கட் அனந்தராம், மார்ட்டின் வைன்ரைட், போரிவோயே நிகோலிச் ஆகியோர் கண்டறிந்தார்கள். அவர்கள் கையாண்ட பரிகாரம் மிக நுட்பமானது. டீகோடர் வழக்கமான சுற்றுகளை முடித்தும் சில சோதனைகள் நிறைவேறாமல் நிற்குமானால், அந்த நிறைவேறாத சோதனைகளின் குரலை வேண்டுமென்றே உயர்த்தி, அவற்றின் அண்டையிலுள்ள பிட்டுகளுக்கு வரும் நிறைவேறிய சோதனைகளின் குரலைத் தாழ்த்திவிடுவது; கண்ணிக்குள் ஒருவரையொருவர் ஆமோதித்துக்கொண்டிருந்தவர்களின் கட்டு அதனால் குலைகிறது; பின்னர் மறுபடியும் சில சுற்றுகள் வழக்கம்போல் ஓடினால் சரியான விடை தானாகத் தெளிகிறது. 2010-இல் அவர்கள் வெளியிட்ட சில்லு வினாடிக்கு 4,770 கோடி பிட்டுகளைத் திருத்தவல்லது. அதன் பிழை, நூறு லட்சம் கோடி பிட்டுகளுக்கு ஒன்று என்பதற்கும் கீழே இறங்கிற்று.

அத்தனை அரிய பிழையை இருக்கிறது என்று எவ்வாறு அறிந்தார்கள் என்று வாசகர் கேட்கக்கூடும், கேட்கவேண்டிய கேள்விதான். நூறு பிழைகளைக் கண்ணால் காண வேண்டுமானால் ஒன்றுக்குப்பின் பதினாறு சைபர் இட்ட அத்தனை பிட்டுகளைச் செலுத்திப் பார்க்கவேண்டும். வினாடிக்குப் பத்து லட்சம் பிட்டுகள் வீதம் ஒரு சாதாரணக் கணிப்பொறி அதைச் செய்ய முனைந்தால் 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்தச் சில்லின் வேகத்திலோ இரண்டரை நாளில் முடிந்துவிடும். ஆகவே இத்துறையில் அளப்பதற்கே டீகோடரை இரும்பும் மணலுமாக முதலில் கட்டிப் பார்க்கவேண்டியிருக்கிறது. கட்டியபிறகுதான் அதன் தரை எங்கே இருக்கிறது என்று தெரியவருகிறது.

அவ்வாறு கட்டப்படும் டீகோடரும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று. அண்டவெளியிலிருந்து வந்து வாயுமண்டலத்தில் மோதிச் சிதறும் துகள்கள் சில்லுகளின் ஞாபகத்தில் ஒரு பிட்டைப் புரட்டிவிடக்கூடும். சமவெளியைவிட மலைமேல் அவற்றின் வருகை அதிகம். உதகமண்டலத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார் அத்துகள்களையே பல்லாண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள். திருத்துபவனே தடுமாறினால் என் செய்வது? 1968-இல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தின் மைக்கேல் டெய்லர், கேலகர் குறிமுறையைக்கொண்டு, ஒவ்வோர் உறுப்பும் அவ்வப்போது தவறக்கூடிய டீகோடரை வைத்தே, செய்தியை நெடுங்காலம் கெடாமல் சேமித்து வைக்கமுடியும் என்று நிரூபித்தார். உறுப்புகளின் தவறு ஒரு வரம்பைத் தாண்டாதிருக்கவேண்டும், அவ்வளவே. ஏட்டைத் திருத்தும் கணக்கரின் கையும் நடுங்கலாம். ஒரே எண்ணைப் பல கூட்டல்கள் காத்துநிற்கும்போது அந்த நடுக்கமும் அடுத்த சுற்றில் திருத்தப்பட்டுவிடுகிறது.

நான் மலையிலிருந்து இறங்கும் நாளில் அந்தக் கணக்கேட்டை மறுபடியும் பார்த்தேன். புதிய தாளில் படியெடுத்து எழுதியிருந்தார்கள். எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன, ஒன்றைத் தவிர. 41-ஆ 47-ஆ என்று முடிவாகாத அந்த எண்ணின் பத்திக் கூட்டலும் மழையில் போய்விட்டதாம். அதன் வரிசையிலே இன்னொரு கட்டமும் கரைந்திருந்ததாம். துண்டு வைத்திருந்த ஆள் ஊருக்குப் போயிருந்தார். படியெடுத்த தாளில் அந்தக் கட்டத்தில் இரண்டு எண்களையும் சிறிதாக எழுதி, சுற்றிலும் பென்சில் வட்டத்தையும் கணக்கர் மறவாமல் போட்டு வைத்திருந்தார்.